இரண்டாவது டெபாசிட்

"தொலைத்த இடத்தில்தான் தேட வேண்டும்" என்று சொல்வார்கள். சாவிக்கும் மோதிரத்துக்கும் பொருந்துகிற பேச்சு. கிரிப்டோ டிரேடிங்கில் பெருந்தொகையை விட்டவர்கள் இதையே சொல்லும்போதுதான் உறுத்துகிறது. "இங்கேதான் விட்டேன், இங்கேயே பிடிக்கிறேன்." கேட்பதற்கு வீரமாக இருக்கிறது, விழுந்தவன் எழுந்து நிற்கிற மாதிரி. ஆனால் காலியான ஒரு கணக்கின் டிரேட் வரலாற்றை வரிவரியாகப் படித்தால் வேறு கதை தெரியும். முதல் நஷ்டம் ஆளைச் சாய்ப்பது குறைவு. அதை மீட்பதற்கென்று பிறகு போட்ட பணம்தான் சாய்க்கிறது. முதல் டெபாசிட் ஆசையில் வருகிறது. இழக்கத் தயாரான தொகையாகக்கூட இருக்கலாம். இரண்டாவது டெபாசிட் வரும் இடம் வேறு: சேமிப்பு, நகை, கிரெடிட் கார்டு, நண்பனிடம் வேறு காரணம் சொல்லி வாங்கிய கடன். நஷ்டத்திலிருந்து மீள்வது பற்றிப் பேசுகிறவர்கள் நேராக "பொறுமை, ஒழுக்கம்" என்று போய்விடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது டெபாசிட்டைத் தாண்டி யோசனை நகர மறுக்கிறது.

1979-ல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கான வித்து இருக்கிறது. லாபம் கையில் இருக்கும்போது மனிதன் பத்திரமான வழியைத் தேர்ந்தெடுக்கிறான். நஷ்டத்தில் நிற்கும்போது அதே மனிதன் சூதாடத் துணிகிறான். தன் நஷ்டத்தோடு இன்னும் சமாதானம் ஆகாதவர், மற்ற நேரத்தில் தொடவே மாட்டாத பந்தயத்தையும் ஏற்பார் என்று அவர்கள் அப்போதே குறித்துவிட்டார்கள். 1990-ல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் இதில் ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தார்கள். அடிபட்டவர் பொதுவாக ரிஸ்க்கைக் கண்டு ஒதுங்கவே செய்கிறார். ஆனால் விட்டது முழுவதும் திரும்பி வந்து கணக்கு சமன் ஆகும் வாய்ப்பு கண்ணில் பட்டால், அந்தப் பந்தயத்தின் மீது மட்டும் தனி மோகம் வருகிறது.

கிரிப்டோவின் விஷம் இந்த நுணுக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. சாதாரணப் பங்குக் கணக்கில் 80 சதவீதம் போய்விட்டால், சமன் ஆகும் வழி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அலுப்பும் வருத்தமுமாக ஆள் ஒதுங்கிவிடுவார். காயினை வாங்காமல் அதன் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டும் ஃபியூச்சர்ஸ் திரையிலோ, லிவரேஜ் ஸ்லைடர் எப்போதும் எதிரிலேயே இருக்கிறது: போட்ட பணத்தைப்போல் பல மடங்குக்கு டிரேட் செய்ய விடும் பட்டை அது. 80 சதவீதம் போன கணக்கு பழைய நிலைக்கு வர 400 சதவீதம் ஏற வேண்டும். காயினையே கைப்பணத்துக்கு வாங்கும் ஸ்பாட்டில் அது வருடக்கணக்கு. ஸ்லைடரை 100 மடங்குக்கு இழுத்தால், விலை 4 சதவீதம் அசைந்தால் போதும். பிட்காயினுக்கு அது ஒரு நாள் வேலை. எவ்வளவு அடிபட்டாலும் "ஒரே டிரேடில் சமன்" என்ற காட்சி திரையை விட்டு மறைவதே இல்லை.

அந்தக் காட்சியின் மறுபக்கத்தையும் கணக்குப் போடலாம். 100 மடங்கில், விலை எதிர்த்திசையில் 1 சதவீதம் போனால் மார்ஜின், அதாவது பிணையாகப் போட்ட பணம், தீர்ந்தது. மெயின்டனன்ஸ் மார்ஜின் என்று குறைந்தபட்சப் பிணை ஒன்று இருப்பதால் அதற்கு முன்பே லிக்விடேட் ஆகிவிடும், அதாவது காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சே டிரேடைக் கட்டாயமாக மூடிவிடும். விலை எந்தப் பக்கம் போகும் என்று ஒன்றும் தெரியாத நிலையில், 1 சதவீதம் கீழே தொடாமல் 4 சதவீதம் மேலே போகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. லிக்விடேஷன் முன்கூட்டியே வருவதால் அது இன்னும் குறையும். வாங்க, விற்க ஒவ்வொன்றுக்கும் கமிஷன் 0.05 சதவீதம் என்று வைத்தால் போக வர 0.1 சதவீதம், 100 மடங்கில் அது மார்ஜினில் 10 சதவீதம். டிரேட் திறந்து மூடுவதற்கு மட்டும் இவ்வளவு.

அந்த ஒரு மணி நேரம்

லிக்விடேஷன் அறிவிப்பு வந்ததற்கும் அடுத்த டெபாசிட்டுக்கும் நடுவில் பல சமயம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. மீட்சி என்று ஒன்று இருந்தால் அது தீர்மானமாவது அந்த இடைவெளியில்தான். அதனால் அதற்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் விலை திரும்பும். அடிபட்ட பலரும் சொல்வது இதுதான்: "என் லிக்விடேஷன் விலையைத் தொட்டுவிட்டு அப்படியே மேலே போய்விட்டது. வேண்டுமென்றே என்னைத் தூக்கினார்கள்." இதில் ஒரு பாதி உண்மை உண்டு. விலை ஏறும் என்று கட்டிய லாங் பொசிஷன்கள் லிக்விடேட் ஆகும்போது எக்ஸ்சேஞ்ச் அவற்றைச் சந்தை விலையில் விற்றுத் தள்ளுகிறது. அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கி, கீழே காத்திருக்கும் அடுத்த கூட்டத்தையும் லிக்விடேட் செய்கிறது. கட்டாய விற்பனை தீர்ந்த நொடியில் விற்க ஆள் இல்லாததால் விலை துள்ளுகிறது. ஆக, நீங்கள் வெளியே வீசப்பட்ட இடமும் தற்காலிக அடிமட்டமும் ஒன்றாக அமைவதற்குச் சதி தேவையில்லை. நீங்கள் விற்றதே அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதி. ஆனால் மனம் இதை இப்படிப் படிக்காது. "நான் சொன்ன திசை சரி, மார்ஜின்தான் பத்தவில்லை" என்று படிக்கும். லாட்டரியில் கடைசி எண் மட்டும் தப்பியவரின் ஏக்கம் இது. மார்ஜின் பத்தவில்லை என்று முடிவு செய்துவிட்டால், அடுத்த வேலை டெபாசிட் பொத்தானைத் தேடுவதுதான்.

பங்குச் சந்தைக்கு மாலையில் மணி அடித்துவிடும். ஆத்திரம் எவ்வளவு இருந்தாலும் காலை வரை கை கட்டப்பட்டிருக்கும். நடுவில் தூக்கம், சாப்பாடு, யாராவது ஒருவரின் குரல் வந்து சேரும். கிரிப்டோவுக்கு அந்த மணி கிடையாது. நள்ளிரவு 2 மணிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் திரை ஒரே மாதிரிதான் மின்னும். ஆகவே மணியை நாமே அடிக்க வேண்டியிருக்கிறது. அதை மன உறுதியால் அடிக்க முடியாது; அந்த நேரத்தில் இல்லாத சரக்கு அதுதான். கையால் செய்கிற வேலையாக வைத்தால்தான் நடக்கும். குறிப்பிட்ட விலை வந்தால் தானே நிறைவேறும்படி போட்டு வைத்த லிமிட் ஆர்டர்கள் எல்லாவற்றையும் ரத்து செய்வது முதல் வேலை. பெரிய டிரேட் போய்விட்டது என்று நினைத்துப் படுத்தவரின் பழைய ஆர்டர் ஒன்று விடியற்காலையில் நிரம்பி, மிச்சத்தையும் தின்றதுண்டு. தானாக மார்ஜின் சேர்க்கும் வசதி இருந்தால் அணைக்க வேண்டும். கிராஸ் மார்ஜினில் இன்னொரு பொசிஷன் ஓடிக்கொண்டிருந்தால் ஃபியூச்சர்ஸ் வாலட்டில் உள்ள மொத்தப் பணமும் அதற்குப் பிணை என்பது நினைவிருக்கட்டும். ஐசொலேட்டட் என்றால் அந்த டிரேடுக்கு ஒதுக்கியது மட்டுமே. மிச்சப் பணத்தை ஃபியூச்சர்ஸ் வாலட்டிலிருந்து ஸ்பாட்டுக்கு மாற்றி, அங்கிருந்து வங்கிக்கு வித்டிரா போட்டுவிடுவது நல்லது. தானாக டிரேட் செய்யும் பாட் ஓடினால், அது கணக்குக்குள் நுழையும் ஏபிஐ சாவியை நீக்குங்கள். சேமித்து வைத்த கார்டு விவரத்தையும் அழித்துவிடுங்கள். சில எக்ஸ்சேஞ்சுகளில் ஃபியூச்சர்ஸைக் குறிப்பிட்ட நாட்களுக்குப் பூட்டும் வசதி இருக்கிறது; பூட்டினால் நீங்களே கேட்டாலும் திறக்காது. அதுதான் அதன் அருமை. விலை எச்சரிக்கைகள், சிக்னல் குழுக்கள், சார்ட் ஆப் எல்லாம் அதே இரவில் போக வேண்டும். கணக்கை மூடுகிறேன் என்று சபதம் எடுக்கத் தேவையில்லை. திரும்பி வருவதற்கு அரை நாள் வேலை ஆகும்படி செய்துவிட்டால் போதும். ஆத்திரத்துக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

அடுத்த நாளும் சந்தை இருக்குமே, நல்ல வாய்ப்பு போய்விடுமே என்ற பதற்றம் வரும். வரட்டும்.

எவ்வளவு போனது?

கேட்டால் உடனே ஒரு தொகை சொல்வார்கள். அது பெரும்பாலும் தவறான தொகை. ஒருவர் மொத்தம் 8,000 டாலர் போட்டார், நடுவில் 1,500 எடுத்தார், இப்போது 700 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போனது 5,800. ஆனால் ஒரு கட்டத்தில் அவர் கணக்கு 31,000-ஐத் தொட்டிருந்தால், அவர் மனதில் போனது 30,300. மீட்க வேண்டும் என்று அவர் துரத்துவது இந்த இரண்டாவது எண்ணை. பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டி நின்று, ஒரு வருடத்தில் 16,000-க்கும் கீழே போனபோது, உலகம் முழுக்க எத்தனையோ பேரின் தலையில் அந்த உச்ச நாளின் இருப்புத்தொகை அப்படியே உறைந்து போனது.

"அது வெறும் காகித லாபம், உன்னுடையதே இல்லை" என்று ஆறுதல் சொல்வார்கள். எனக்கு இந்த ஆறுதலில் நம்பிக்கை இல்லை. அன்று வித்டிரா பொத்தானை அழுத்தியிருந்தால் அது நிஜப் பணமாகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் இந்தச் சமாதானம் உள்ளே இறங்குவதில்லை. இரண்டு எண்களையும் காகிதத்தில் தனித்தனியாக எழுதிவிடுவது இதைவிட நேர்மையானது. 5,800 கடன் மாதிரி: அதற்கு நிவாரணம் உண்டு. மீதி 24,500 துக்கம் மாதிரி: அதற்கு நிவாரணம் கிடையாது, நாள்தான் ஆகும். இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டி வைத்திருக்கும்வரை, துக்கத்தை டிரேட் செய்து தீர்க்கலாம் என்ற மயக்கம் போகாது.

எண் கிடைத்த பிறகு எக்ஸ்சேஞ்சிலிருந்து முழு வரலாற்றையும் இறக்கி, நஷ்டம் எங்கே போனது என்று பிரிக்க வேண்டும். இது தண்டனை இல்லை, பிரேதப் பரிசோதனை. கமிஷனைத் தனியாகக் கூட்டுங்கள். ஃபண்டிங்கை, அதாவது ஃபியூச்சர்ஸில் இரு பக்கத்தாரும் ஒருவருக்கொருவர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டும் தொகையை, தனியாகக் கூட்டுங்கள்: 8 மணி நேரத்துக்கு 0.01 சதவீதம் என்பது ஒன்றுமில்லாத மாதிரி தெரியும். 20 மடங்கு லிவரேஜில் லாங் வைத்துக் காத்திருந்தால் நாளுக்கு மார்ஜினில் 0.6 சதவீதம், மாதத்துக்கு 18 சதவீதம். விலை அசையாமல் நின்றாலே இவ்வளவு தேயும். அடுத்து, நஷ்டத்தில் முடிந்த ஒரு டிரேடுக்குப் பிறகு 30 நிமிடத்துக்குள் திறந்த டிரேடுகளை மட்டும் வடிகட்டி, அவற்றின் சராசரி அளவையும் முடிவையும் பாருங்கள். அளவு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்காக இருந்தால், அது டிரேடிங் முறையின் பிழையில்லை; பழிவாங்கல். முறையைத் திருத்தி இதைச் சரி செய்ய முடியாது. விலைப்போக்கைக் கணிக்கும் புது இண்டிகேட்டர் வாங்கிப் பயனில்லை.

ஸ்பாட்டில் விட்டவர்களின் பரிசோதனை வேறு. அங்கே குற்றவாளி பொதுவாக "ஆவரேஜ் பண்ணுவது": விலை இறங்க இறங்க மேலும் வாங்குவது. லூனா என்ற காயின் 2022 மே மாதத் தொடக்கத்தில் 80 டாலரை ஒட்டி இருந்தது. ஒரு வாரம் பத்து நாளில் ஒரு சென்டின் துளியாகிவிட்டது. 80, 40, 20, 10 என்று இறங்க இறங்கச் சம தொகைக்கு வாங்கியவரின் சராசரி விலை 21 சொச்சம். பார்க்க அழகாக இறங்கிய சராசரி. உள்ளே நான்கு மடங்கு பணம். 90 சதவீதம் விழுந்த காயின் என்பது, 80 சதவீதம் விழுந்திருக்கிறதே என்று மலிவாக வாங்கியவரின் பணத்தைப் பாதியாக்கிவிட்டு வந்த காயின்.

பணத்துக்கு முகவரி இல்லை

தொலைத்த இடத்தில் தேடுவது என்ற பேச்சுக்குத் திரும்புகிறேன். 80 சதவீதம் போன கணக்கை, மாதம் தவறாமல் 3 சதவீதம் சம்பாதித்து மீட்டால் நான்கரை வருடம் ஆகும். மாதம் தவறாமல் 3 சதவீதம் என்பதே எளிதில்லை. பிரேசிலில் 2013 முதல் 2015 வரை ஃபியூச்சர்ஸில் டே டிரேடிங் தொடங்கியவர்களை ஆராய்ந்தபோது, 300 நாட்களுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டத்தில்தான் இருந்தார்கள். விடாமுயற்சி இங்கே பாடம் கற்பிப்பதில்லை. மேலே சொன்ன 5,800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: சம்பளத்தில் மாதம் 200 ஒதுக்கினால் 29 மாதம். எந்தத் திறமையும் வேண்டாம், இரவில் விழிக்க வேண்டாம். சாவி மாதிரிப் பணம் ஓர் இடத்தில் விழுந்து கிடப்பதில்லை. நாம் விட்டது யாருடைய கணக்கிலோ போய்ச் சேர்ந்துவிட்டது. இனி வருவது வேறு பணம். அது எந்த வழியாகவும் வரலாம்.

கடன் வாங்கிப் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறார். வருடம் 24 சதவீத வட்டிக்குக் கடன் இருக்கும்போது அதை அடைப்பது என்பது, நிச்சயமாகக் கிடைக்கும் 24 சதவீத வருமானம். எந்த காயினும் இந்த உத்தரவாதம் தராது. வட்டி அதிகமுள்ள கடன் முதலில். மற்றவற்றுக்கு மாதக் குறைந்தபட்சத் தொகை. வட்டியில்லாமல் நண்பர்கள் கொடுத்தது கணக்கில் கடைசியாக வரும். ஆனால் அவர்களிடம் உண்மையைச் சொல்வதைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது.

வீட்டில் சொல்வதுதான் பலருக்கு நஷ்டத்தைவிடப் பெரிய மலை. மறைத்து வைத்திருக்கும்வரை "சொல்வதற்கு முன்பே சரி செய்துவிடலாம்" என்ற கெடு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கெடுதான் ஸ்லைடரை இழுக்கிறது. சொல்லும்போது பாதியைச் சொல்லி மீதியை மறைப்பவர்கள் அதிகம். அது நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் மறைத்த பாதி இன்னும் அவசரமாகிவிடும். முழுத் தொகை, யாருக்கு எவ்வளவு பாக்கி, இனி பணத்தின் சாவி யார் கையில் என்ற மூன்றும் ஒரே பேச்சில் வர வேண்டும். விளக்கம் பிறகு. கேட்பவர் கோபப்படுவார், அவருக்கு அந்த உரிமை உண்டு.

சூதாட்டக் கோளாறை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-ல் போதை அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. ஒன்பது அறிகுறிகளில் நான்கு இருந்தாலே கோளாறு. விட்டதைப் பிடிக்க இன்னொரு நாள் திரும்பி வருவது அவற்றில் ஒன்று. சூதாட்டத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்பதை மறைக்கப் பொய் சொல்வது இன்னொன்று. நிறுத்த முயன்று முடியாமல் போனது, பணத்துக்குப் பிறரை நம்பி நிற்பது என்று பட்டியல் நீள்கிறது. நாலைந்து பொருந்தினால் டிரேடிங் பயிற்சியாளரைத் தேடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், கணக்கு, கடன், கௌரவம் எதையும் யோசிக்காமல் அன்றே அருகில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். தனியாக இருக்காதீர்கள்.

எக்ஸ்சேஞ்ச் மூழ்கியதால் பணத்தை விட்டவர்களின் மனநிலை தனி. எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பர் 11 அன்று திவால் மனு போட்டது. பணம் வர வேண்டியவர்களின் பாக்கி அன்றைய விலையில் டாலராகக் கணக்கிடப்பட்டது. பிறகு காயின் விலை பல மடங்கு ஏறியபோது, டாலரில் முழுத் தொகை வந்தவர்களுக்கும் ஏமாந்த உணர்வு போகவில்லை. 2014-ல் சரிந்த மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2024 ஜூலையில்தான் காயின்களைத் திருப்பித் தரத் தொடங்கியது. இப்படிப்பட்ட பாக்கியை வருமானக் கணக்கில் எழுதாமல், வந்தால் வரட்டும் என்று வைப்பதே வழி. எந்த வகை நஷ்டமானாலும் அடுத்து ஒரு கும்பல் வரும்: "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று. பிளாக்செயினில் உறுதியான பரிமாற்றத்தை வெளியாள் யாரும் திருப்ப முடியாது. முன்பணம் கேட்டாலும், வாலட்டைத் திறக்கும் ரகசியச் சீட் வார்த்தைகளைக் கேட்டாலும் அது திருட்டு. அடிபட்டவர்களின் தொடர்பு விவரங்கள் மோசடிக்காரர்களிடையே கைமாறுகின்றன. ஒருமுறை ஏமாந்தவரை இரண்டாம் முறை தேடி வருவது அதனால்தான். அதுவும் ஒருவகை இரண்டாவது டெபாசிட்.

திரும்பி வருவதா?

இதற்கு ஒரு கேள்வியே போதும் என்று தோன்றுகிறது. விட்ட தொகை முழுவதும் இன்று இரவு யாரோ வங்கியில் போட்டுவிட்டால், நாளை காலை சார்ட்டைத் திறப்பீர்களா? "எதற்கு, போதும்" என்று உள்ளே குரல் வந்தால், உங்களுக்கு வேண்டியது பணம்தான், டிரேடிங் இல்லை. அப்படியானால் 29 மாதக் கணக்கு போதும். ஒதுங்குவதில் ஒரு கேவலமும் கிடையாது.

திறப்பேன் என்பவர்கள் வரட்டும், ஆனால் சின்னதாக. குறைந்தது 3 மாதம் கழித்து, ஸ்பாட்டில், லிவரேஜ் இல்லாமல், டிரேடுக்குக் கணக்கின் 1 சதவீதத்துக்கு மேல் இழக்காதபடி. கணக்கில் 2,000 இருந்தால் இழக்கலாம் என்ற தொகை 20. நஷ்டம் வளராமல் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் விலை, வாங்கும் விலைக்கு 4 சதவீதம் கீழே இருந்தால் வாங்கும் அளவு 20 வகுத்தல் 0.04, அதாவது 500. முதலில் ஸ்டாப், பிறகு அளவு. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏன் இவ்வளவு சின்னதாக என்றால், பாதிக்குப் பாதி ஜெயிக்கிற முறையில்கூட 100 டிரேடில் தொடர்ந்து 6 நஷ்டம் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல். 1 சதவீத ரிஸ்க்கில் தொடர்ந்து 10 தோற்றாலும் 90 சதவீதம் மிஞ்சும். 10 சதவீத ரிஸ்க்கில் அதே 10 தோல்விக்குப் பிறகு மிஞ்சுவது 35 சதவீதம். ஒரே நாளில் இரண்டு நஷ்டம் வந்தால் 24 மணி நேரம் திரை மூடல், விதிவிலக்கு இல்லை.

டிரேட் குறிப்பேட்டில் வழக்கமான பத்திகளோடு ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்வேன்: இந்த டிரேடைத் திறக்கும்போது பழைய தொகை நினைவுக்கு வந்ததா? ஆம், இல்லை. ஆர்டர் போடுவதற்கு முன்பே எழுத வேண்டும். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் பொய் புகுந்துவிடும். 30 டிரேட் ஆனதும் "ஆம்" வரிசையையும் "இல்லை" வரிசையையும் பிரித்து, அளவும் ஸ்டாப்பும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். "ஆம்" வரிசையில் ஸ்டாப் நகர்த்தப்பட்டிருந்தால், அல்லது 500 என்று கணக்கு சொன்ன இடத்தில் 800 வாங்கியிருந்தால், மீதியை வித்டிரா போட்டுவிட்டு இன்னும் 3 மாதம் தள்ளி வையுங்கள்.